கதவடைத்து உண்ட கீரை

ஓர் உணவை எவ்வாறு ஆக்குவது என்பதைச் சொல்வது சமையற் குறிப்பு. அவ்வுணவு யாருக்குக் கிடைக்கின்றது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பவற்றை விசாரிப்பது பொருளியலும் அறவியலும். இவற்றிடையே பெரிய மதிலொன்று இருப்பதாகவே நம்மிற் பலர் எண்ணி வந்திருக்கின்றனர். அரிசி விலையைப் பற்றி மணிக்கணக்காக விவாதிக்கும் முற்போக்காளர், அந்த அரிசி பானையில் இடப்பட்ட பின் என்னவாகின்றது என்பதைப் பெண்கள் பகுதிக்கு ஒதுக்கிவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். சம்பலும் பச்சடியும் பணியாரமும் சிந்தனைக்குரிய பொருள்கள் அல்லவென்பது அவர்களது துணிபு. இத்துணிபு தவறென்பதே என் கருத்து. ஏனெனில், சமையற் குறிப்பின் உள்ளேயே அறவியல் வினாவொன்று பொதிந்து கிடக்கின்றது. அது இதுதான்: இல்லாமையினாற் பிறந்த ஓர் உணவை, இல்லாமை நீங்கிய பின்னர், சுவையானதென்று போற்றுவதும் குறிப்பெழுதிப் பரப்புவதும் முறையாகுமா?

தமிழிலக்கியத்திலே கீரைச் சமையல் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சிறுபாணாற்றுப்படையிலே நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களை. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் ஒருத்தி, குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி எடுத்து, உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் கண்டுவிடுவரே என்று நாணி, கதவை அடைத்துவிட்டு, பெரிய சுற்றத்தோடு கூடியிருந்து அதனை உண்கின்றாள். மற்றையது, பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு (159). அங்கும் குப்பைக் கீரைதான். அங்கும் உப்பில்லை, மோருமில்லை, சோறு மறந்துபோயிற்று. இவ்விரு பாடல்களையும் பல்கலைக்கழகத்திற் படித்தபோது, வள்ளலின் கொடைக்கு முன்னுரையாக அமைந்த வறுமைச் சித்திரங்கள் என்றே எமக்கு விளக்கப்பட்டன. அது சரியே. ஆயினும் வேறொரு கோணத்தில் நோக்கினால், இவை சமையற் குறிப்புகளுமாகும். வழக்கமான குறிப்பு, சேர்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தும். இவையோ சேர்க்க இயலாதுபோனவற்றை வரிசைப்படுத்துகின்றன. புலவர்களுக்கு உப்பின்மை அணியலங்காரம் அன்று. உப்பு வாங்க வழியில்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்களின் வாக்குமூலம் அது.

கதவடைத்தல் என்னும் செயலையே நான் இங்கு வற்புறுத்த விரும்புகின்றேன். அந்தக் கீரை உடலுக்குத் தீங்கானதன்று. இன்று வேளைக் கீரையின் குணங்களை எடுத்துரைப்பதற்குச் சித்த வைத்தியர் முதல் உணவியலாளர் வரை பலர் முன்வருவர். கீரை நல்லதாயிருந்தும் கதவு ஏன் அடைக்கப்பட்டது? அவள் நாணியது கீரையைக் குறித்தன்று. அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே என்றுதான்.

இனி நாயாற்றுக்கு வருவோம். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குச் செல்லும் கரையோரப் பாதையிலே, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்தால் இக்களப்பு எதிர்ப்படும். ஒருபுறம் கடல், மறுபுறம் காடு, நடுவே உப்பும் நன்னீரும் பருவத்துக்குப் பருவம் ஒன்றையொன்று வெல்லும் நீர்ப்பரப்பு. மாரி பெய்து ஓய்ந்து, நீர் வற்றத் தொடங்கியதும், கரையிலுள்ள உவர்நிலத்தில் உமரி தளிர்க்கும். உமரி என்ற பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட உவர்நிலச் செடிகளை நம்மவர் அழைக்கின்றனர். சதைப்பற்றுள்ள சிறு செடிகள். மழைக்காலத்திற் பச்சை, வெயில் ஏற ஏறச் செம்மை. நுனித்தளிரை மட்டும் கிள்ளி எடுத்து, நன்றாக அலசி, கொதிநீரில் அவித்து, அந்த நீரை வடித்து ஊற்றிவிட வேண்டும். உவர்ப்பு மிகுதியாயின் மீண்டும் ஒருமுறை அவித்து வடிக்க வேண்டும். பிறகு பிழிந்தெடுத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு பிசைந்து, தேசிக்காய்ப் புளி விட்டால் சம்பல். தாளித்துச் சுண்டினால் சுண்டல். எதுவாயினும் உப்பு இடக்கூடாது, உமரியே உப்பு. சங்கப் புலவரின் அடுக்களையில் இல்லாதிருந்த அந்த ஒன்றை, நாயாற்றுக் கரை இலவசமாகக் கொடுத்துவிடுகின்றது.

இச்செடியின் நெருங்கிய உறவினங்கள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் கடலோரச் சதுப்புகளில் வளர்கின்றன. முன்னாளிலே அவற்றை எரித்த சாம்பலிலிருந்து கிடைத்த சோடாவைக் கண்ணாடி செய்வதற்குப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தில் அதற்குக் கண்ணாடிப் பூண்டு என்னும் பொருள்பட ஒரு பெயர் வழங்குவதும் அதனாலேயே. இந்நாளில் அங்குள்ள பெரிய உணவுச்சாலைகளில் கோடைப் பருவத்துச் சலாதாகவும், வெண்ணெயில் வதக்கி மீனுக்குப் பக்கமாகவும் அது பரிமாறப்படுகின்றது. குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய ஆய்வு நிலையம், உமரி இனத்துச் செடியொன்றிலிருந்து தாவர உப்பு எடுக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றுள்ளது. ஆக, ஒரே குடும்பத்துச் செடி ஓரிடத்திற் கதவைத் திறந்துவைத்து உண்ணும் உணவு; மற்றோரிடத்தில் அடைத்துவைத்து உண்ணும் உணவு.

இவ்வளவும் நூலறிவு. என் முன் வந்து நின்ற வினா வேறு வகையானது. எங்கள் பாடசாலையின் பண்பாட்டு விழாவுக்காக, உயர்தர வகுப்பு மாணவர் தத்தம் வீடுகளிலிருந்து பாரம்பரியச் சமையற் குறிப்புகளைத் திரட்டி ஒரு சிறு மலராக வெளியிடுவதென்று தீர்மானிக்கப்பட்டது. பருவகாலக் கீரைகள், சம்பல்கள், பச்சடிகள், பணியாரங்கள் என்று பகுத்துக் கொடுத்தோம். குறிப்புகள் மளமளவென்று வந்து சேர்ந்தன. வல்லாரைச் சம்பல் மட்டும் பதினொரு விதம். சுட்ட கத்தரிக்காயைத் தோலுரித்து, முதற்பாலும் தேசிக்காய்ப் புளியும் வெங்காயமும் சேர்த்துப் பிசையும் சம்பல், முசுட்டை இலை வறை, குறிஞ்சாச் சுண்டல், ஆவணியில் பனம்பழம் விழும்போது செய்யும் பனங்காய்ப் பணியாரம், பயற்றம் பணியாரம், அரியதரம், கொக்கிஸ். பிள்ளைகளின் கையெழுத்திலே ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் புகைந்தது.

கொக்கிஸ் பற்றி இடையில் ஒரு விவாதம் மூண்டது. அது நமது பண்டமன்று, நீக்கிவிடுக என்றார் நண்பர் ஒருவர். ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்த பெயர் என்பது உண்மையே. ஆங்கிலேயரின் 'குக்கி' என்ற சொல்லும் அதே ஒல்லாந்துச் சொல்லின் வழிவந்ததுதான். ஆயின், சம்பல் என்பது மலாய்ச் சொல். சலாதும் பாணும் போர்த்துக்கேயர் தந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மிளகாயே போர்த்துக்கேயர் வருகைக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து சேர்ந்த பொருள். 'நமது' அல்லாதவற்றை நீக்கத் தொடங்கினால் மலரில் எஞ்சுவது மிளகும் உப்பும் மட்டுமே என்று சொன்னேன். நண்பர் சிரித்துவிட்டார், கொக்கிஸ் தப்பிற்று.

ஆனால் மற்றொரு குறிப்பைப் பற்றிய சிக்கல் சிரிப்பினால் தீரக்கூடியதாயிருக்கவில்லை. மாணவி ஒருத்தி, தன் அம்மம்மா சொல்லக் கேட்டு, உமரிக் கஞ்சி என்று ஒரு பக்கம் எழுதி வந்தாள். அவர்களது குடும்பம் 1984 டிசெம்பரிலே, இக்கரையோரத்துக் கிராமங்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டுப் போனது. 2009 இல் போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே திரும்பி வந்தது. இடையில் எத்தனையோ இடங்கள். அவற்றுள் வேறொரு களப்பின் கரையில், ஒரு பிடி அரிசியை ஒரு பானை நீரில் கரையவிட்டு, அவித்துப் பிழிந்த உமரியை அதில் இட்டு, எட்டுப் பேர் குடித்த கஞ்சி அது. பக்கத்தை என்னிடம் தந்த அன்று மாலையே மாணவி திரும்பி வந்தாள். அம்மம்மா சொன்னதை அவள் சொன்னபடியே தருகின்றேன்: "உதை எழுதிக் குடுக்காத பிள்ளை. எங்கட குடும்பம் உமரி திண்ட குடும்பமெண்டு ஊர் கதைக்கும்."

கிணைமகள் அடைத்த அதே கதவு!

குறிப்பை வெளியிடுவதா, விடுவதா? இதற்கு எளிதாகச் சொல்லக்கூடிய விடைகள் இரண்டு உண்டு. இரண்டும் ஆசிரியர் அறையிலே கேட்கப்பட்டன. இரண்டும் எனக்குப் போதியவையாகத் தோன்றவில்லை.

முதலாவது, பெருமித வாதம். உமரி சத்து மிகுந்தது. மேனாட்டாரே விரும்பி உண்பது. மூதாட்டி வெட்கப்படுவது அறியாமை. அவ்வறியாமையைப் போக்குவதே கல்வி. கேட்பதற்கு முற்போக்கானதாக ஒலிக்கும் இவ்வாதம், உண்மையிற் பழைய எசமானர்களின் குரலே. வறியவர்கள் எதை உண்ண வேண்டுமென்று வயிறு நிறைந்தவர்கள் உபதேசிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. 1937 இல் வெளிவந்த, இங்கிலாந்தின் வட பகுதித் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிய நூலொன்றில் ஜோர்ஜ் ஓர்வெல் இதனை நன்கு ஆராய்ந்திருக்கின்றார். (பிற்காலத்து ஓர்வெல் நம்மிற் பலருக்கு உவப்பானவரல்லர், ஆயினும் இந்நூலை ஒதுக்குதல் நியாயமன்று.) வேலையிழந்தவன் தவிட்டு ரொட்டியும் பச்சைக் கரட்டும் உண்டால் மலிவாகவும் ஆரோக்கியமாகவும் வாழலாமே என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களை நோக்கி, மனிதன் அவ்வாறு வாழ்வதில்லை, கையிற் காசு குறையக் குறைய நாவுக்குச் சிறிதேனும் இன்பம் தரும் பொருளையே அவன் நாடுகின்றான் என்று அவர் விளக்கினார். சீனி இட்ட தேநீர் அவ்வின்பங்களுள் ஒன்று. அத்தேயிலையைக் கொய்த நம் மலையகத்துப் பெண்கள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலையேறியதை அவர் எழுதவில்லை. அதை நாம் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் 2022 இலே இக்காட்சியைக் கண்டோம். அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்து கொள்ளுமாறு அரச ஊழியருக்கு விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. செப்தெம்பரில் உணவுப் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 94.9 சதவீதத்தைத் தொட்டது. அம்மாதங்களில் கீரைகளின் மகிமையைப் பற்றி எத்தனை உரைகள், எத்தனை துண்டுப்பிரசுரங்கள்! கீரையின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் விலையைக் கட்டுப்படுத்தத் தவறியவர்கள் நாவைக் கட்டுப்படுத்துமாறு மக்களுக்குக் கூறும்போது, கீரைக் குறிப்பு அரசியலாகிவிடுகின்றது.

இரண்டாவது வாதம் இதற்கு நேர்மாறானது. பசியின் உணவைச் சுவையோடு இணைத்துப் பேசுவதே பாவம். வறுமைக்கு அழகு பூசும் வேலை அது. ஆகவே உமரிக் கஞ்சி சமையற் பகுதியில் இடம்பெறக் கூடாது, போர்க்கால அவலங்களின் பதிவாக வேறெங்கேனும் இடம்பெறலாம். இவ்வாதத்திற் கனம் உண்டு. முள்ளிவாய்க்காற் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதத்தில் அந்தக் குறுகிய கடற்கரைத் துண்டிலே, எறிகணைகளின் கீழ், வரிசையில் நின்று மக்கள் வாங்கிக் குடித்தது அரிசியும் நீருமே. ஆண்டுதோறும் மே மாதம் அதே கஞ்சி காய்ச்சப்பட்டு, வீதியோரங்களில், பல இடங்களிற் சிரட்டைகளில், வழங்கப்படுகின்றது. அதைக் காய்ச்சியதற்காக 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பகுதியில் மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்டனர். ஒரு நாட்டின் பொலிசார் ஒரு கஞ்சிக்கு அஞ்சினார்கள் என்றால், அக்கஞ்சியின் பொருள் அதன் ஊட்டச்சத்தில் இல்லை என்பது வெளிப்படை. அந்தக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விடலாமா என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டிருக்கின்றான். விட்டால் நன்றாயிருக்கும், ஆனால் நன்றாயிருப்பது அங்கே நோக்கமன்று. அன்று இல்லாதிருந்ததை இன்று இல்லாமலே விடுவதுதான் அதன் குறிப்பு. சங்கப் புலவனின் உப்பின்மை போன்றது அது.

அப்படியாயின் உமரிக் கஞ்சிக்கும் இதே நியாயம் பொருந்தாதா? பொருந்தாது என்பது என் முடிவு. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முள்ளிவாய்க்காற் கஞ்சி கொடுக்கப்பட்ட உணவு. உமரிக் கஞ்சி ஆக்கப்பட்ட உணவு. அந்த அம்மம்மாவின் குறிப்பை ஊன்றிப் படித்தேன். தளிரை மட்டும் கிள்ளு, முற்றிய தண்டை விடு என்கின்றாள். அவித்த நீரை வடித்து ஊற்று. ஒரு துளியை நாவில் வைத்துப் பார். கரித்தால் மறுபடியும் அவி என்கின்றாள். கடைசியாக, கிடைத்தால் ஒரு புளியம் பிஞ்சைச் சுட்டு நசுக்கிப் போடு என்கின்றாள். எட்டுப் பேரின் பசி வாசலில் நிற்க, ஒருத்தி முற்றிய தண்டுகளை விலக்கிக்கொண்டிருக்கின்றாள்! அடங்காப் பசிக்கு முற்றலென்றும் இளசென்றும் பேதமில்லை. எனினும் அவள் பேதம் பார்த்தாள். ஒடியல் மாவை ஊறவைத்து ஊறவைத்துக் கைப்பைப் போக்கிக் கூழ் காய்ச்சிய தலைமுறைகளும் அவ்வாறே பார்த்தன. ஒடியலின் கைப்பைப் போக்குதல் நாவுக்காக மட்டுமன்று, உடல்நலத்துக்காகவும்தான் என்பதை ஆய்வுகூடங்கள் பின்னரே கண்டன. இத்தகைய பேதம் பார்த்தலுக்குத்தான் சுவை என்று பெயர். செல்வர்களின் கேளிக்கையாக நாம் எண்ணும் சுவை, உண்மையில் மனிதன் பசிக்கு முற்றாக அடிமையாகிவிடாமல் நிற்கும் இறுதிச் சிறு இடமாகும்.

மாக்ஸ் 1857 இல் எழுதிய ஒரு முன்னுரைக் கையெழுத்துப் படியில், உற்பத்தி நுகர்பொருளை மட்டுமன்றி நுகர்வின் முறையையும், நுகர்பவனையுமே உண்டாக்குகின்றது என்று காட்டுவதற்குப் பசியையே உதாரணமாகக் கொண்டார். சமைத்த உணவால் ஆறும் பசி, பச்சை இறைச்சியைப் பற்களாற் கிழித்து ஆற்றும் பசியினின்றும் வேறானதென்பது அவர் கருத்து. (கத்தியும் முள்ளுக்கரண்டியும் அவருக்கு நாகரிகத்தின் குறியாகத் தோன்றியதைக் கையால் உண்ணும் நாம் மன்னித்துவிடலாம்.) அவ்வாறு பார்த்தால், அந்தக் களப்புக் கரையில் உமரியை இருமுறை அவித்த கை, எட்டுப் பேரின் வயிற்றை மட்டும் காக்கவில்லை, அவர்கள் எத்தகையவர்களாக இருந்து பசித்தார்கள் என்பதையும் காத்தது. அவலத்தின் பதிவு என்று அதனை ஒதுக்கினால், அவளை வெறும் பாதிக்கப்பட்டவளாகக் குறுக்கிவிடுகின்றோம். அவள் பாதிக்கப்பட்டவள், அதே வேளையில் தன் தொழிலறிந்த கைவினைஞர். முதல் வாதம் முன்னதை மறக்கின்றது, இரண்டாம் வாதம் பின்னதை மறக்கின்றது.

இங்கே கை என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டபடியால், கசப்பான விடயமொன்றையும் சொல்லாமற் செல்லலாகாது. கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகப் பேசுகின்றோம். யாருடைய கை? நம் சமுதாயத்திலே பச்சைப் பொருள் எல்லாக் கைகளிலிருந்தும் வாங்கப்பட்டது. சமைத்த பொருள் அவ்வாறு வாங்கப்படவில்லை. கீரையைப் பறித்துக் கொடுத்தவள், பனங்கிழங்கைத் தோண்டிக் கொடுத்தவன், மீனைப் பிடித்துக் கொடுத்தவன் ஆகியோரின் உழைப்பு வாசல்வரை வந்தது. அவர்கள் ஆக்கிய உணவு வாசலைத் தாண்டவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரத் தட்டு மேலிருந்து கீழே சென்றது, கீழிருந்து மேலே ஏறவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வார்த்த கொடுமைக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் ஏட்டிலிருந்து கடைக்குள் நுழைவதற்கு 1966 ஒக்டோபர் 21 ஊர்வலமும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. இன்று கஞ்சியைச் சிரட்டையில் ஏந்தி நிற்கும் இளைஞருள் எத்தனை பேருக்குச் சிரட்டையின் அந்த மற்றைய வரலாறு தெரியும்? இரண்டையும் சேர்த்து அறிதல் கஞ்சிக்கு இழுக்கன்று. எங்கள் மலருக்கு வந்த குறிப்புகளின் மேல் எந்த வீட்டுக் குறிப்பு எது என்று நான் எழுதிவைத்திருந்தேன். சில வீடுகளின் பலகாரத்தை வேறு சில வீடுகள் இன்றும் வாங்கி வைத்துவிட்டு உண்ணாமல் விடுகின்றன என்பது மாணவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலரிற் பக்கத்துப் பக்கம் அச்சாகும் இரு குறிப்புகள், விழாப் பந்தலிற் பக்கத்துப் பக்கம் உண்ணப்படுமா?

பெண்ணின் உழைப்பைப் பற்றியும் இதே மறதி உண்டு. மணிமேகலையின் அமுதசுரபியை நாம் எவ்வளவு போற்றுகின்றோம்! மணிபல்லவத்திலே கிடைத்த அப்பாத்திரம், அள்ள அள்ளக் குறையாது. உலகின் பசியையெல்லாம் தீர்க்க விரும்பிய சாத்தனாரின் நெஞ்சம் பெரிது. ஆனால் அப்பாத்திரத்துக்கு அடுப்பில்லை, புகையில்லை, அம்மியில்லை, கழுவவேண்டிய சட்டியில்லை. ஒருபோதும் சமைக்காத ஒருவர் கண்ட பொதுவுடைமைக் கனவு அது என்று ஒருமுறை வகுப்பிற் கூறினேன். பெண்பிள்ளைகளே முதலிற் சிரித்தனர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் இவ்வகையில் நேர்மையானது. ஈழத்துப் பிள்ளைகள் யாவரும் பாடும் அப்பாட்டின் பெரும்பகுதி கூழும் கொழுக்கட்டையும் செய்யும் முறையே. அதிற் கூழைத் துழாவுபவள் அம்மா என்பதும் வெளிப்படையாகவே சொல்லப்படுகின்றது. பாடுபவர்கள் நாம், துழாவுபவள் அவள். மாணவர் கொண்டுவந்த குறிப்புகளில் "தயாரிக்கும் நேரம் முப்பது நிமிடம்" என்று எழுதப்பட்டிருந்த இடங்களிலெல்லாம், கிணற்றிலிருந்து நீர் கொண்டுவந்த நேரம், விறகு பொறுக்கிய நேரம், தேங்காய் துருவிய நேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வருமாறு திருப்பி அனுப்பினேன். வல்லாரைச் சம்பலொன்று இரண்டரை மணி நேரமாகித் திரும்பி வந்தது.

இனி முடிவுக்கு வருவோம். இல்லாமையின் உணவைப் போற்றலாமா என்பதே வினா. போற்றலாம், ஆனால் ஒரு நிபந்தனையின் மேல். அந்த உணவை வேண்டாமென்று மறுக்கும் உரிமை, அதை முதலில் ஆக்கியவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் உணவுச்சாலையில் உமரிச் சலாது உண்பவர், விரும்பாவிடின் வேறொன்றைக் கேட்கலாம். களப்புக் கரையில் உண்டவர்களுக்கு வேறொன்று இருக்கவில்லை. இலை ஒன்றே, சமையலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு இந்த மறுக்கும் உரிமையில் மட்டுமே இருக்கின்றது. அது சட்டியிலோ நாவிலோ இல்லாமல் நிலத்திலும் கடலிலும் கூலியிலும் இருக்கின்றது. தன் வயலுக்குப் போக முடிந்தவன், தன் களப்பில் வலை வீச முடிந்தவன், தன் உழைப்புக்கு அரிசி வாங்கப் போதிய கூலி பெற்றவன் உமரியை உண்டால் அது உணவு. இவையெல்லாம் பறிக்கப்பட்டவன் உண்டால் அது தண்டனை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வன்னியின் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, இப்பகுதியில் வெங்காயச் சம்பலும் பாணும் உழவன் விரும்பி உண்ட காலைச் சாப்பாடு. அதே ஆண்டுகளிற் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற நகரத் தொழிலாளிக்கு அதே சம்பல் வேறு வழியில்லாச் சாப்பாடு. குறிப்பு மாறவில்லை.

இந்நிபந்தனையை ஏற்றால், மலரைப் பற்றிய சிக்கலும் ஓரளவு தெளிவாகின்றது. மறுக்கும் உரிமைதான் அளவுகோலாயின், அந்த உரிமையை முதலில் அம்மம்மாவுக்கே கொடுக்க வேண்டும். அறியாமை என்று அவளைத் திருத்தவோ, வரலாறு என்று அவளிடமிருந்து பறிக்கவோ எமக்கு அதிகாரமில்லை. பக்கத்தை மாணவியிடமே திருப்பிக் கொடுத்து, அம்மம்மா சொல்கின்றபடியே செய்வோம், அச்சிட வேண்டாமென்றால் விட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினேன். நாலைந்து நாள்களாக ஒரு மறுமொழியும் வரவில்லை. பிறகு மாணவி இரண்டு தாள்களோடு வந்தாள்.

ஒன்று உமரிக் கஞ்சி. மேலே பெயரில்லை, "1984 க்குப் பிறகு" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அப்படியே போடச் சொன்னாளாம்.

மற்றது பயற்றம் பணியாரம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து சீனி கிடைக்காதுபோகுமுன், நல்ல காலத்தில், தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் அவள் வீட்டிற் செய்த முறை: வறுத்துத் திரித்த பயற்றம் மா இரண்டு சுண்டு, வறுத்த அரிசி மா அரைச் சுண்டு, பொன்னிறமாக வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம், சீனிப்பாகு, உருண்டை பிடித்து, தேங்காய்ப்பாலிற் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிப்பது. இதற்குக் கட்டாயம் தன் முழுப் பெயரையும் போட வேண்டும் என்பது அவள் கட்டளை. கூடவே ஒரு திருத்தமும் சொல்லியனுப்பியிருந்தாள்: "பயறைக் கை விடாமல் கிண்டி வறுக்கவேணுமெண்டு எழுதச் சொல்லு ரீச்சரிட்ட. கருகினால் பிறகு என்ன செய்தாலும் சரிவராது."